பாரிஸுக்குப் பக்கத்து ஊர்

மாசி பாதி கழிவதற்குள்ளேயே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் தண்ணீர் இறங்க இறங்க மோட்டார்கள் எரியும் காலம் அது. அன்னூர்ப் பக்கத்திலிருந்தும் சூலூர்ப் பக்கத்திலிருந்தும் கருகிப்போன மோட்டார்கள் டெம்போவிலும் மொபெட்டின் முன்பக்கத்திலும் ஏறிக் கணபதிப் பகுதிக்கு வந்தன. நரசிம்மலுவின் பட்டறை வாசலில் கால் வைக்க இடமில்லை.

கீழே பட்டறை, மேலே வீடு. எரிந்த கம்பியை நரசிம்மலுவும் வேலைக்கு இருக்கும் பாலுசாமியும் வெட்டி உருவி எடுப்பார்கள். புதுச் செம்புக் கம்பியை அச்சில் சுற்றிக் காயில் என்னும் கம்பிச்சுருளாகப் போட்டுக் கொடுப்பது நரசிம்மலுவின் மனைவி கனகத்தின் வேலை. கல்யாணமாகி வந்த வருஷமே பழகிக்கொண்டாள். வார்னிஷ் வாடை மாடிப்படி ஏறி அடுப்படி வரைக்கும் வரும். வீட்டுக்கு வந்த ஒறம்பரைகள் மூக்கைச் சுளித்தால், "எங்களுக்கு அது மல்லிப்பூ வாசமாட்டங்" என்று சிரிப்பார் நரசிம்மலு.

பட்டறைச் சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று தொங்கியது. சிவப்புக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி பல் தெரியச் சிரிக்கிறாள். பின்னால் பாரிஸ் கோபுரம். அவர்களுடைய ஒரே மகள் சைதன்யா. மேல்படிப்புக்காக ஜெர்மனி போன முதல் வருஷம் அனுப்பிய படம். அவள் இருக்கும் ஊரின் பெயர் நரசிம்மலுவின் வாயில் நுழையவில்லை. யார் கேட்டாலும் "பாரிஸுக்குப் பக்கத்து ஊருங்" என்று சொல்லிவிடுவார்.

மோட்டார் கொண்டுவந்த விவசாயி யாராவது அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டால் போதும். கையில் இருக்கிற சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார்.

"என்ற புள்ளைங். சனி ஞாயிறானா ஒரு நாட்டுக்குப் போயிட்டு வந்துருவா. நாம பொள்ளாச்சி போறமில்லீங்களா, அந்தாட்டந்தான் அவியளுக்கு இத்தாலியும் சுவிஸ்ஸும்."

"அப்படீங்களா!"

"ஆமாங். ரயிலேறிக் கண்ணசந்து முழிச்சா வேற நாடு."

மாடிப்படியில் காயிலோடு இறங்கும்போது கனகத்தின் காதில் இது விழும். வாரம் ஒரு நாடு என்று மகள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்டதில் கனகத்துக்கும் அது உண்மைபோலவே ஆகிவிட்டது. கம்பி சுற்றும் நேரத்தில், மகள் ஏதோ ஒரு நாட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து பச்சை மலைகளைப் பார்த்துக்கொண்டு போவதாக நினைத்துக்கொள்வாள். அப்படி நினைத்தால் கை வலி தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து மூன்று வார விடுமுறையில் சைதன்யா வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். அது பெரிதில்லை, வெளிநாடு போனவர்கள் எல்லாரும் இளைத்துத்தான் வருகிறார்கள். கனகத்துக்கு உறுத்தியது வேறு. மகள் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். அரிசிம்பருப்புச் சோற்றை நெய் விட்டுத் தட்டில் போட்டுக் கொடுத்தால், மேடையில் சாய்ந்தபடி நாலு வாயில் முடித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

"உக்காந்து தின்னு கண்ணு. யாரு தொரத்தறாங்க?"

"பழகிப்போச்சுங்கம்மா."

பகலெல்லாம் தூங்கினாள். கீழே பாலுசாமி இரும்பைத் தடாலென்று போட்டால் திடுக்கிட்டு எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள்போல் சுற்றிலும் பார்த்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எந்த ஊரெல்லாம் பார்த்தாய் என்று கேட்டபோது, "பாத்தேனுங்" என்று சிரித்ததோடு சரி. மீதியை நரசிம்மலு சொன்னார். அவர் சொல்லும்போது சைதன்யா தலையைக் குனிந்துகொண்டு சேலைக்கடைப் பையிலிருந்த கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்ததைக் கனகம் பார்த்தாள்.

பக்கத்துப் பட்டறை திருமூர்த்தியுடையது. லேத் போட்டு மோட்டார்களுக்கு ஷாஃப்ட் கடைகிறவர். இரண்டு பட்டறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவர் மகள் லோகப்பிரியா இஞ்சினியரிங் முடித்து ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் வேலை பார்த்தாள். சைதன்யா படிக்கும் அதே கல்லூரியில் அவளுக்கும் இடம் கிடைத்திருந்தது. சைதன்யா வந்த மறுநாளே செல்போனை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்துவிட்டாள்.

"அக்கா, இந்த ஏரி பாருங்க்கா. உங்க ஊர்ல இருந்து எத்தன மணி நேரம்? இங்க நீங்க போயிருக்கீங்களா? இந்தப் பூந்தோட்டம் ஏப்ரல்லதான் பூக்குமாமா? நான் எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கேன். மாசம் ரெண்டு எடம்னு போட்டாலும் ரெண்டு வருசத்துல முடிச்சர்லாம்."

சைதன்யா செல்போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். "நல்லா இருக்குது லோகு" என்று மட்டும் சொன்னாள்.

திருமூர்த்திக்கு மகளை அனுப்ப அரை மனசுதான். அவர் மனைவி சாந்தாமணிக்கு அதுகூட இல்லை. கடைசியில் திருமூர்த்தி நரசிம்மலுவிடம் வந்து நின்றார்.

"அண்ணா, எனக்கு அந்த ஊரப் பத்தி ஒண்ணுந் தெரியாது. உங்க புள்ள போய் இருந்துட்டு வந்திருக்குது. ஞாயித்துக்கெழம ஆனமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போலாம்னு இருக்கறமுங். நீங்க மூணு பேரும் வாங்க. ஆத்தாளக் கும்புட்டுப்போட்டு ஒரு எடத்துல உக்காந்து பேசுவோம். உங்க புள்ள 'அனுப்புங்க மாமா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் தாட்டியுட்டுடறேன்."

"அட, இதுக்கென்ன திருமூர்த்தி! அவ சொல்லுவா" என்றார் நரசிம்மலு.

சனிக்கிழமை பகலில் சைதன்யா தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கம்பிச் சுருளைப் பிடித்துக் கொடுத்தாள். பள்ளிக்கூட நாளில் செய்த வேலை. கை மறக்கவில்லை. 

"அம்மா, நான் திரும்பிப் போகாம இருந்துட்டா நைனா என்னுங் சொல்லுவாரு?"

கனகத்தின் கை நின்றது.

"படிப்பு இன்னும் முடியலைல்ல?"

"ஆறு மாசம் இருக்குதுங். கட்டுரை எழுதிக் குடுக்கோணும்."

"அப்பறம் என்ன கண்ணு? அங்க யாராச்சும் ஏதாச்சும் சொல்லிப்போட்டாங்களா?"

"யாரும் ஒண்ணுஞ் சொல்லலீங்கம்மா. அதான். அங்க யாரும் ஒண்ணுமே சொல்லமாட்டாங்க. காத்தால இருந்து பொழுதுவரைக்கும் ஒருத்தரும் பேசாத நாளெல்லாம் இருக்குது. ஒருநா கடையில 'பை வேணுமா'ன்னு கேட்டாங்க. 'வேண்டாம்'னு சொன்னப்பத்தான் அன்னிக்கி என்ற கொரலையே நான் கேட்டேன்."

கனகம் கம்பியைக் கீழே வைத்தாள். "சனி ஞாயிறு வெளியில போனா நாலு மனுசரப் பாக்கலாமல்லோ?"

"சனி ஞாயிறு நான் எந்த நாட்டுக்கும் போறதில்லீங்கம்மா. பார்சல் குடோனுக்குப் போறேன். பெல்ட்டுல பொட்டி வந்துட்டே இருக்கும். எடுத்து எடுத்து அடுக்கோணும். சாப்பாட்டுக்கு விடற நேரம் கொஞ்சந்தான். உக்காந்தா எந்திரிக்க முடியாது, அதனால நின்னுட்டே தின்னுக்குவோம்."

மகள் பகுதிநேர வேலை பார்க்கிறாள் என்பது கனகத்துக்குத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை என்றுதான் நினைத்திருந்தாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவளாக நினைத்துக்கொண்டது.

"அப்ப அந்தப் பாரிஸு?"

"அது ஒரே ஒரு நாளு."

கீழே நரசிம்மலு யாரிடமோ உரக்கச் சிரித்துப் பேசுவது கேட்டது. இருவரும் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தார்கள். சுவிஸ் ரயில் பற்றித்தான்.

"நைனாவ விடுங்கம்மா. எனக்கு லோகுவ நெனச்சாத்தான் என்னமோ பண்ணுது. அவ அந்த எடமெல்லாம் பாக்கறதுக்குன்னே இருக்கற வேலைய விட்டுப்போட்டு வாரா. நாளைக்கி மாமா என்னக் கேப்பாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

 உண்மையைச் சொன்னால் புருஷனின் முகம் என்ன ஆகும் என்று கனகம் நினைத்தாள். சொல்லாவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளை. "ஆத்தா பாத்துக்குவா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி அச்சைச் சுற்றினாள். அன்று போட்ட காயில் சரியாக அமையவில்லை. பிரித்து மறுபடி சுற்ற வேண்டியதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகை வேனில் கிளம்பினார்கள். உக்கடம் தாண்டும் வரை நெரிசல். ஒத்தக்கால்மண்டபம் கழிந்ததும் பாலக்காட்டுக் காற்று ஜன்னலில் அடித்தது. கிணத்துக்கடவில் டீக்கு நிறுத்தியபோதே நரசிம்மலு ஆரம்பித்துவிட்டார். டீயின் விலையிலிருந்து ஜெர்மனி ரோட்டின் அகலத்துக்குப் போனார். லோகப்பிரியா கண்கொட்டாமல் கேட்டாள். பொள்ளாச்சிக்கு அப்புறம் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. சாந்தாமணி எல்லாருக்கும் வறுத்த நிலக்கடலை கொடுத்தாள். சைதன்யா கடலையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோயிலில் கூட்டம். படுத்திருக்கும் அம்மனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், தனக்குத் தீங்கு செய்தவருக்குத் தண்டனை வேண்டி நீதிக்கல்லில் பூசுவதற்காக ஒரு பெண் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். யார் என்ன அநியாயம் செய்தார்களோ, கண்ணில் நீர் வழிய வழிய அரைத்தாள். காரத்தால் வந்த கண்ணீரா வேறா என்று தெரியவில்லை. கனகம் அவளைத் தாண்டிப் போக முடியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். தனக்கு யார்மேலும் குறை சொல்ல இல்லை. அதனால்தான் என்ன வேண்டிக்கொள்வது என்றும் தெரியவில்லை. புள்ள நல்லா இருக்கோணும் என்று சொல்லிக் கும்பிட்டாள். இரண்டு வருஷமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று பிறகு தோன்றியது.

ஆழியாற்றங்கரையில் ஒரு தோப்பில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். புளிசோறு, தயிர்சோறு, தேங்காய்த் துவையல், சாந்தாமணி செய்துவந்த ஒப்புட்டு. ஆற்றில் தண்ணீர் முழங்காலளவுக்கு ஓடியது. சாப்பிட்டு முடித்ததும் திருமூர்த்தி கையைத் துண்டில் துடைத்தார்.

"அம்மணி, மாமன் சுத்தி வளச்சுக் கேக்கல. லோகுவத் தாட்டியுடலாமா? அந்த ஊரு எப்படி?"

"அத ஏந் திருமூர்த்தி கேக்கறே, பாரிஸு இந்தப் பக்கம்னா..." என்று நரசிம்மலு எடுத்தார்.

"நைனா, நான் சொல்றனுங்."

குரல் உயரவில்லை. ஆனால் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"எங்க ஊரு பாரிஸுக்குப் பக்கம் இல்லீங் மாமா. பஸ்ஸுல ராத்திரி பூராப் போகோணும். இந்த ரெண்டு வருசத்துல நான் போன ஒரே ஊரு அதுதான். சமீரான்னு என்ற ரூம்ல இருக்கறவ, பாலக்காட்டுக்காரி. ரெண்டு பேரும் வியாழக்கெழம காலேஜு முடிச்சு அப்படியே பஸ் ஏறிட்டோம். எறங்குனா மழை. நம்மூரு மழையாட்ட அடிச்சுப்போட்டு நிக்காதுங். பொசுபொசுன்னு நாளெல்லாம் பேயும். நான் துணி ஷூ போட்டிருந்தேன். சித்தெ நேரத்துல காலு வெறச்சுப்போச்சு. அத்தன தூரம் நடந்து கோபுரத்துக்கிட்டப் போனா, மேல்பாதியக் காணோம். மூட்டத்துக்குள்ள போயிருச்சு."

"அய்யோ!" என்றாள் சாந்தாமணி.

"மனசு பொக்குன்னு போச்சுங். அப்பறம் சித்தெ மூட்டம் வெலகுச்சு. என்ற கோட்டு தொப்பலா நனஞ்சிருந்துச்சு, பாத்தா அசிங்கமா இருக்கும்னு சமீரா அவ செவப்புக் கோட்டக் கழட்டிக் குடுத்தா. 'சிரிடி, சிரிடி, மறுபடி மூடிக்கப்போவுது'ன்னா. சிரிச்சேன். எடுத்தா. மூடிக்கிச்சு. அதான் நைனா மாட்டி வெச்சிருக்கற போட்டோ."

"அப்பறம்?"

"அப்பறம் ஒரு பெரிய கடைக்குள்ள போயி, கக்கூஸுல கை காய வெக்கற மெசின் இருக்குமல்லோங், அதுல ஷூவக் காய வெச்சோம். கொண்டுபோன புளிசோத்த அங்கயே நின்னு தின்னோம்."

"கக்கூஸுக்குள்ளயா கண்ணு?"

"வாசல்லீங்கத்தே."

சாந்தாமணி சிரித்துவிட்டாள். சைதன்யாவும் சிரித்தாள். நரசிம்மலு மட்டும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுநா காத்தால பஸ்ஸ விட்டு எறங்கி நேரா குடோனுக்குப் போயிட்டேன். சனி ஞாயிறு பூரா அங்கதான். மத்த நாளு காலேஜு. மிச்ச நேரம் தூக்கம். வேற எங்கயும் நான் போகலீங் மாமா."

லோகப்பிரியாவின் முகம் சிவந்துவிட்டது.

"அப்ப நான் சேத்து வெச்சிருக்கறதெல்லாம் பொய்யாங்க்கா?"

"பொய்யில்ல லோகு. அந்த எடமெல்லாம் அங்கயேதான் இருக்குது. நமக்குத்தான் போக நேரமிருக்காது, தெம்பிருக்காது."

"நீங்க போயி இருந்துட்டு வந்துட்டீங்க. எனக்கு மட்டும் எதுக்குப் பயங்காட்டறீங்க? நான் எப்படி இருப்பேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லோகு, அக்காகிட்ட மரியாதையாப் பேசு" என்றார் திருமூர்த்தி. பிறகு பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, ஆத்தா சன்னிதியில உண்மை வந்துச்சு. முடிஞ்சுது. போக வேண்டாம். இங்க இருக்கற வேலையப் பாரு. வாரத்துல ஒருநா லீவு, ஊடு பக்கம், வயிறாரச் சோறு. எதுக்குப் பொட்டி தூக்கோணும்?"

லோகப்பிரியா எழுந்து போய் வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அழுகிறாள் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

சைதன்யா திகைத்துப்போனாள். தான் சொன்னது இப்படிப் போய் முடியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"மாமா, நான் போக வேண்டாம்னு சொல்லலீங்."

"அதத்தானே சொன்னே அம்மணி?"

"இல்லீங். சுத்திப் பாக்கறதுக்குன்னு நெனச்சுட்டு வர வேண்டாம்னு சொன்னேன்." அவள் வார்த்தைகளைத் தேடினாள். "மொத மார்கழியில ஒருநா பனி பேஞ்சு பஸ்ஸே வரல. குடோன் வரைக்கும் நடந்தே போனேன். போறப்ப அழுதுட்டே போனேனுங். பொழுதோட திரும்பி வரப்பவும் பஸ் இல்ல. அப்பவும் நடந்துதான் வந்தேன். ஆனா அழுகல. ஊட்டுக்கு வந்து சமீராவுக்கும் சேத்துச் சோறாக்குனேன். அவ்வளவுதானுங். அத போட்டோ எடுக்க முடியாது. நைனாகிட்டச் சொன்னா வெசனப்படுவாரு. அதனால யாருக்குமே தெரியாது."

"அதுக்காக..."

"காலேஜுல ஒரு பெரிய மோட்டார் சோதனை பண்ற எடம் இருக்குது. எங்க வாத்தியாரு மொத நாளு, இந்தச் சத்தத்துல என்ன கோளாறுன்னு கேட்டாரு. ஒருத்தருக்கும் தெரியல. நான் பட்டறையில பொறந்தவ, என்ற காதுக்கு அது தெரிஞ்சுது. அன்னையில இருந்து அந்த எடத்துச் சாவி என்றகிட்டதான் இருக்குது. அங்க போனா எனக்கு நேரம் போறதே தெரியாதுங். லோகுவுக்கும் அது புடிக்கும். அவ பம்பு டிசைன் பண்றவ. அவளப் போக வேண்டாம்னு சொல்லாதீங்க மாமா. தெரிஞ்சுட்டு வரட்டும்."

சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் வாயிலிருந்து வந்தது தனக்கே புதிதாக இருந்ததுபோல. கனகம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார், சத்தம், சாவி. இதையெல்லாம் இந்த இரண்டு வருஷத்தில் வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

நரசிம்மலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கமாக நடந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துக் கனகம் பின்னால் போனாள். வேட்டியை மடித்துக் கட்டி, கால் நனையத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங், கோவமா?"

"யாரு மேல கோவப்படறது?" திரும்பாமலே சொன்னார். "திருமூர்த்தி முன்னாடி நான் பொய்யனாட்ட ஆயிட்டேன். அது போகுது. அந்தப் புள்ள பொட்டி தூக்கிட்டு இருந்திருக்குது கனகம். நான் இங்க சுவிஸ்ஸு, இத்தாலின்னு..."

"வேணும்னேவா சொன்னீங்க? சந்தோசத்துல சொன்னீங்க."

"சொல்லச் சொல்ல எனக்கே நெசமாட்டத் தெரிஞ்சுது. காத்தால பட்டறையத் தொறந்ததும் அந்தப் போட்டோவப் பாப்பேன். நம்ம புள்ள எங்கயோ சிரிச்சுட்டு நிக்குதுன்னு ஒரு தெம்பு. அப்பறந்தான் சுத்தியல எடுப்பேன்." காலால் தண்ணீரைத் தள்ளினார். "எங்கிட்ட ஏஞ் சொல்லல அவ?"

"நாம கேக்கலீங்" என்றாள் கனகம். "எங்க போனே, எங்க போனேன்னுதான் கேட்டோம். எங்க இருக்கறேன்னு கேக்கலீங்."

அவர் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டார். நெடுநேரம் கழுவினார்.

திரும்பும் வழியில் திருமூர்த்தி டிரைவருக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தார். நடுவரிசையில் நரசிம்மலு, கனகம், சைதன்யா. பின்னால் சாந்தாமணியும் லோகப்பிரியாவும். பொள்ளாச்சி மார்க்கெட் தாண்டும்போது லோகப்பிரியா முன்சீட்டில் கையை வைத்துக் குனிந்தாள். அழுதழுது மூக்கு அடைத்திருந்தது.

"அக்கா, ஷூ எந்த மாதிரி வாங்கோணும்?"

சைதன்யா திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி ஏறாததா வாங்கு. ஒரு அளவு பெருசா. உள்ள கம்பளி சாக்ஸ் போடறதுக்கு எடம் வேணும்."

"அந்த மோட்டார் எடத்துக்கு எங்களாட்டம் புதுசா வரவீங்களையும் விடுவாங்களா?"

"நீ வரப்ப நான் அங்கதான இருப்பேன். ஸ்டேசனுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். மொத வாரம் எங்க ரூம்ல இரு. சமீரா மீன்கொழம்பு வெப்பா. நீ திங்க மாட்டேன்னா எனக்குச் சொல்லு."

நான் அங்கதான இருப்பேன். மகள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். திரும்பிப் போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று நேற்றுக் கேட்டவள். கனகத்துக்கு வந்தது நிம்மதியா, பிரியப்போகிற வருத்தமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

முன்னால் திருமூர்த்தி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "ஷூவ இங்கயே நல்லதா வாங்கிப்போடலாம். அங்க போயித் தேடிட்டு இருக்க முடியாது."

பின்னால் சாந்தாமணி விசும்புவதும், "சும்மா இரும்மா" என்று லோகப்பிரியா அதட்டுவதும் கேட்டன.

கொஞ்ச தூரம் போன பிறகு நரசிம்மலு மகள் பக்கம் பார்க்காமல், முன்சீட்டின் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த ஊர்ல... நீ இருக்கற ஊட்டுக்கும் காலேஜுக்கும் எத்தன தூரம்?"

"டிராம் வண்டியில நாலு ஸ்டாப்புங் நைனா."

"அது கரண்டுலயா ஓடுது?"

"ஆமாங். மேல ஒத்தக் கம்பிதான். திரும்பறப்ப கிறீச்சுன்னு சத்தம் வரும்."

"சத்தம் வரப்படாதே. எண்ணெ விடமாட்டாங்களா?"

"விடுவாங்க. இருந்தாலும் வருதுங்."

"கரண்டு போகுமா அங்க?"

"போகவே போகாதுங்."

"அப்ப மோட்டார் எரியாது." அவர் யோசித்தார். "நம்ம பொழப்பு அங்க ஆகாது."

சைதன்யா சிரித்தாள். அவர் அடுத்த கேள்வி கேட்டார். ஊட்டுக்குக் கீழே என்ன கடை? ரொட்டிக் கடைங். காத்தால என்ன வாசம் வரும்? வெண்ணெ வாசம். ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும்? எதிர்வீட்டுக்காரர் சைக்கிள் துடைப்பது தெரியும். மழை பெய்தாலும் துடைப்பார். அவர் பெயர் என்ன? தெரியாதுங் நைனா, கையைத் தூக்கிக் காட்டுவாரு, நானும் காட்டுவேன். ஊரின் பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, நரசிம்மலு மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பாதியில் நாக்குப் புரண்டது. பின்சீட்டிலிருந்து லோகப்பிரியா திருத்தினாள்.

கிணத்துக்கடவு மலைமேல் முருகன் கோயில் தெரிந்தது. வெயில் தாழ்ந்து தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய்கள் மினுங்கின. கனகம் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவளிடம் ஒன்றுதான் இருந்தது. மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர் காதில் விழாமல் கேட்டாள்.

"கண்ணு, அங்க உனக்கு அழுகாச்சி வந்தா எங்க போயி அழுவே?"

சைதன்யா ஒளிக்கலாமா என்று யோசிப்பதுபோல் தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ஊருக்கு நடுவுல ஒரு ஆறு இருக்குதுங்கம்மா. அதுமேல நடந்து போறதுக்குன்னு ஒரு சின்னப் பாலம். அங்க எப்பவும் காத்து அடிக்கும். அதுல நின்னா எல்லாருக்குமே கண்ணுல தண்ணி வரும். யாரும் நின்னு பாக்கமாட்டாங்க. அங்கதான்."

"அடிக்கடி போவியா?"

"மொத மொத தெனமும் போவேன். இப்ப அந்த வழியாப் போனா சும்மா நின்னு வாத்தப் பாத்துப்போட்டு வந்துருவேன்."

கனகம் அந்தப் பாலத்தை மனசுக்குள் கட்டிப் பார்க்க முயன்றாள். மரமா, இரும்பா என்று தெரியவில்லை. கைப்பிடி இருக்குமா, எந்த உயரத்தில் இருக்கும், மகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்பாள், ஒன்றும் பிடிபடவில்லை.

"எனக்கு ஒரு நாளைக்கி அந்தப் பாலத்தக் காட்டு" என்றாள்.

"பாலத்தையாங்கம்மா? அதுல பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங். குளிருந்தான் வெடவெடன்னு அடிக்கும்."

"அடிக்கட்டும். சித்தெ நேரம் நின்னுபோட்டு வந்தரலாம்."

நரசிம்மலு திரும்பினார். காதில் விழாதென்று நினைத்தது விழுந்துதான் இருக்கிறது.

"நானும் வாரேன்" என்றார்.